மூடிப் பார்ப்போம், யார் கத்துகிறார்கள் என்று

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடும். பழுது ஒன்றும் இல்லை, நாங்களே வைத்ததுதான். தாராசுரம் பக்கம் பாதி வீடுகளில் இப்படித்தான். டவுன் பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று யாரோ ஒரு நாள் முள்ளைத் தள்ளி வைப்பார்கள், பிறகு அதுவே வழக்கமாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், கடிகாரம் பத்து நிமிடம் ஃபாஸ்ட் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோரும் மனத்துக்குள் பத்தைக் கழித்துக்கொண்டு நிதானமாகத்தான் கிளம்புவோம். பஸ் எப்போதும்போல் போய்விடும். புதிதாக வரும் விருந்தாளிகள் மட்டும்தான் அந்தக் கடிகாரத்தை நம்பி அவசரப்படுவார்கள்.

இந்தக் கழித்தல் கணக்குதான் என் வேலைக்கு முதலில் உலை வைத்தது.

வேலை என்றால், இன்னும் கிடைக்காத வேலை. கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் இருபது வருடத்துக்குக் கிட்ட கணக்கு டீச்சராக இருந்தேன். கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகள் குறைந்தார்கள், பள்ளி என்னை நிறுத்திவிட்டது. அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டிய டீச்சரைப் புதிதாக எந்தப் பள்ளியும் சேர்ப்பதில்லை. தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துப் பார்த்தேன். பரீட்சை முடிந்ததும் அவர்கள் காணாமல் போனார்கள். அப்போதுதான், வளைகுடா நாடுகளில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்கு சொல்லித்தர ஒரு நிறுவனம் ஆள் தேடுவதாகத் தெரிந்தது. மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும். அவர்களுடைய மேற்பார்வையாளர் கூடவே இருந்து கேட்பார். பிடித்தால் வேலை. எனக்கு அந்த வேலை வேண்டும் என்று இருந்தது. சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும், மறுபடி ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

முதல் மாதிரி வகுப்பு அன்று கணினியின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். வழக்கப்படி பத்தைக் கழித்தேன். முகம் கழுவி, பவுடர் போட்டு, சாவகாசமாக வந்து உட்கார்ந்தேன். கணினிக் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டும் கடிகாரம் என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பத்து நிமிடத் தாமதம். அது போதாது என்று, பாதி வகுப்பில் கணினியும் நின்றுபோனது. என் முகம் வாயைத் திறந்தபடியே திரையில் உறைந்திருந்ததாம். மேற்பார்வையாளர் சென்னையிலிருந்து போன் செய்தார். இளம்பெண் குரல், மரியாதையான குரல்.

"பரவால்ல மேடம். அடுத்த செவ்வாய்க்கெழம ஆறு மணிக்கு இன்னொரு தடவ பாக்கலாம். ஆனா அதுதான் லாஸ்ட் சான்ஸ், ஓகேவா?"

அந்த மேசைக் கணினி என் மகள் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. அவள் பெங்களூருக்குப் போகும்போது எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். பொத்தானை அழுத்திவிட்டுப் பால் காய்ச்சி, காபி கலந்து, குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால் அப்போதுதான் திரை எழுந்து வரும். அவளிடமே போனில் கேட்டேன்.

"பேக்ரவுண்ட்ல நெறைய சர்வீஸ் ஓடிக்கிட்டு இருக்கும்மா. தேவையில்லாததையெல்லாம் டிஸேபிள் பண்ணு."

"எது தேவையில்லாததுன்னு எப்படித் தெரியும்?"

"அது நீதாம்மா பாக்கணும்," என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டாள். அந்தச் சேவைகளின் பட்டியலை எங்கே போய்த் திறப்பது என்பதை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை முடிந்து வந்து, அடுப்பில் கறியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். என் கணவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் பொதுப்பணித்துறையில் லஸ்கர். வாய்க்கால் தலைப்பில் இருக்கும் மதகுகளின் ஷட்டர்களை ஏற்றி இறக்குவது அவர் வேலை. அவருடைய அப்பா அந்தத் தண்ணீர் பாயும் வயல்களில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். இவர் அதே தண்ணீரைத் திறந்து மூடுகிறவர். அதில் அவருக்கு ஒரு மிதப்பு உண்டு, நியாயமான மிதப்புதான். ஆனால் அதே மிதப்போடு, உலகத்தில் எந்தப் பிரச்சினையாக இருந்தாலும் எதையாவது மூடினால் தீர்ந்துவிடும் என்றும் நினைப்பார்.

பட்டியல் திறந்தது. உருட்ட உருட்டப் போய்க்கொண்டே இருந்தது. இத்தனை பேர் வீட்டுக்குள் இருந்துகொண்டு வேலை செய்கிறார்கள், எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், என்ன வேலை என்று இரண்டு வரி, பக்கத்தில் அது ஓடுகிறதா நிற்கிறதா என்ற தகவல். தானாகத் தொடங்க வேண்டுமா, கூப்பிட்டால் வர வேண்டுமா, ஒரேயடியாக முடக்கிவிட வேண்டுமா என்று நாம் தீர்மானிக்கலாம். அந்த இரண்டு வரி விவரத்தில் பெரும்பாலும் ஒரு மிரட்டலும் இருந்தது. என்னை நிறுத்தினால் என்னை நம்பியிருக்கும் மற்றவையும் நின்றுபோகும், ஜாக்கிரதை. எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் எல்லோரும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால் எனக்குப் பழக்கமான பேச்சாக இருந்தது.

நான் ஒவ்வொரு விவரமாகப் படித்து யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பொறுக்கவில்லை.

"இப்படி ஒண்ணொண்ணாப் படிச்சுக்கிட்டிருந்தா செவ்வாய்க்கெழமயே வந்துரும். மூடிப் பாரு. யாராச்சும் கத்தினா தொறந்துக்கலாம்."

"ஷட்டரையும் இப்படித்தான் மூடுவீங்களா?"

"பின்ன? இந்த வாய்க்கால்ல கொறைங்கன்னு ஆபீஸ்லேருந்து போன் வரும். எவன் வயல் காயுது, எவன் வயல் நெறஞ்சு கெடக்குன்னு நான் வரப்பு வரப்பா நடந்து பாக்க முடியுமா? மூடிட்டு டீக்கடைக்குப் போயிருவேன். தண்ணி பத்தாதவன் வண்டிய எடுத்துக்கிட்டு அங்கேயே வந்து நிப்பான்."

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், அவர் வேலை அப்படித்தான் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது. நானும் அந்த முறையில் இறங்கினேன்.

முதலில் ஃபேக்ஸ். எங்கள் வீட்டுக்கு ஃபேக்ஸ் அனுப்ப யாரும் இல்லை, நிறுத்தினேன். அடுத்தது, பிரிண்டருக்குப் போகும் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்புகிற சேவை. எங்களிடம் பிரிண்டரே கிடையாது. ஒரு தாள் வேண்டுமென்றாலும் கடைத்தெரு ஜெராக்ஸ் கடைதான். மகள் கல்லூரிக்குப் போன காலத்திலிருந்து அந்தச் சேவை வராத கூட்டத்துக்கு டோக்கன் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறது. அதையும் நிறுத்தினேன். இந்தக் கணினி எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல ஒன்று. ஹால் மூலையில் இருக்கிறது, அதைவிட்டு எங்கும் போகாது. விளையாட்டுகளுக்கென்று நாலைந்து. அவற்றில் கை வைத்தபோது மட்டும் அவர் கொஞ்சம் கலவரமானார்.

"சீட்டு ஆட்டம் போயிராதுல்ல?"

"போகாதுங்க."

போனாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு, நாம் கணினியில் என்னென்ன செய்கிறோம் என்பதைத் தயாரித்தவர்களுக்குத் தெரிவிக்கும் சேவை ஒன்று. இதை நான் படித்துச் சொன்னதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "நம்ம வீட்டு விஷயத்த ஊருக்குச் சொல்ற ஆளா? மொதல்ல அத மூடு." ஃபைல்களையெல்லாம் ஓயாமல் எண்ணி வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும் சேவையிடம் கொஞ்சம் தயங்கினேன். உழைப்பாளிதான். ஆனால் நான் தேடுவது மாதத்துக்கு ஒரு ஃபைல். நிறுத்தினேன். ஒலி, இணைய இணைப்பு, வைரஸ் காவல் இவற்றின் பக்கம் அவர் கையை வரவிடவில்லை. புதுப்பித்தலை மூட அவருக்குக் கை பரபரத்தது. அதையும் விடச் சொல்லிவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில் அந்தச் சேவை இருந்தது. இணையத்தில் எங்கோ இருக்கும் ஒரு கடிகாரத்தைக் கேட்டு, இந்தக் கணினியின் தேதியையும் நேரத்தையும் சரிசெய்வது அதன் வேலை. படித்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதல் வகுப்பு கெட்டுப்போனதும், கணினி நேரத்தையும் வீட்டு வழக்கப்படி பத்து நிமிடம் முன்னால் வைத்துவிடுங்கள் என்று இவரிடம் நான்தான் சொன்னேன். இவரும் வைத்தார். மறுநாள் காலையில் அது பழையபடி சரியான நேரத்துக்கே வந்திருந்தது. மறுபடி வைத்தார், மறுபடி வந்தது. வைரஸ் ஏறிவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இவன்தானா அது!" என்றார் இப்போது.

"டைம் சரியா இருக்கறது நல்லதுதானேங்க?"

"வீட்ல ஒரு டைம், பொட்டியில ஒரு டைம் வச்சுக்கிட்டா நீ மறுபடியும் கழிப்ப. மறுபடியும் லேட்டாவ."

அதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. நான் எப்படியும் கழிப்பேன். இருபத்தைந்து வருடப் பழக்கத்தை இரண்டு நாளில் விட முடியாது. அதனால் கழிப்பதற்குத் தோதாகக் கடிகாரம் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று பட்டது. அந்தச் சேவையை முடக்கினேன். நேரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளினேன். கணினியை நிறுத்தி மறுபடி போட்டபோது காபி கலக்க நேரமில்லாமல் திரை எழுந்து வந்தது. மாலையில் பார்த்தோம், திங்கட்கிழமை பார்த்தோம். நேரம் நாங்கள் வைத்த இடத்திலேயே இருந்தது. எதுவும் நின்றுபோகவில்லை, யாரும் கத்தவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு. காலையில் போன கரண்ட் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிறகுதான் வந்தது. நான் புடவை மாற்றித் தயாராக இருந்தேன். வகுப்பில் சொல்ல வேண்டியதை நாலு தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருந்தேன். கணினியைப் போட்டதும் மளமளவென்று எழுந்தது. நிறுவனத்தின் வகுப்புச் செயலியைத் திறந்தேன். இணைக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. மூடித் திறந்தேன். அதே வரி. போனில் இணையம் நன்றாக ஓடியது. ஆனால் எழுதிக் காட்டும் பலகை கணினியில்தான் வரும் என்பதால் போனில் வகுப்பு எடுக்க அனுமதி இல்லை.

நான் மூடியதில் ஏதோ ஒன்றுதான் காரணம் என்று மட்டும் புரிந்தது, எது என்று தெரியவில்லை. பட்டியலைத் திறந்து, நிறுத்தியவற்றையெல்லாம் திரும்பக் கூப்பிட ஆரம்பித்தேன். ஊருக்குச் சொல்கிற ஆளைக் கூப்பிட்டேன். ஃபைல் எண்ணுகிற ஆளைக் கூப்பிட்டேன். ஃபேக்ஸைக்கூடக் கூப்பிட்டு உட்காரவைத்தேன் என்றால் என் பதற்றம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் பார்க்கிற சேவையை மட்டும் விட்டுவிட்டேன். நேரத்துக்கும் இணைப்புக்கும் என்ன சம்பந்தம்?

போன் அடித்தது. "மேடம், ஸ்டூடண்ட் வந்து வெயிட் பண்றாங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்கறேன். அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

எவ்வளவு தாமதமாகியிருக்கிறது என்று கணினியின் மூலையைப் பார்த்தேன், கழிப்பதற்காகத்தான். நள்ளிரவு மணி பன்னிரண்டரை என்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் இன்னும் போகவில்லை. நேரத்தின் மேல் சொடுக்கினேன். தேதி விரிந்தது. ஜனவரி ஒன்று. வருடம், இந்தக் கணினி செய்யப்பட்ட வருடம்.

இதன் விவரத்தைப் பிறகு கணினிக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். கரண்ட் இல்லாதபோது தேதியை நினைவில் வைத்துக்கொள்ள உள்ளே பொட்டு அளவில் ஒரு பேட்டரி இருக்குமாம். எங்கள் கணினியில் அது எப்போதோ செத்துவிட்டது. அதனால் ஒவ்வொரு தடவை கரண்ட் போனபோதும் கணினி தேதியை மறந்து, பிறந்த வருடத்துக்கே போய்விட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சேவை போய் விசாரித்துக்கொண்டு வந்து, நாங்கள் பார்ப்பதற்குள் சரிசெய்து வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தேதி தப்பாக இருக்கும் கணினியை நம்பி அந்த வகுப்புச் செயலி உள்ளே விடாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் பத்தாதவன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பான் என்பது இவருடைய கணக்கு. இது வந்து நிற்கவில்லை. இப்படிக் கத்தாதவர்களும் இருப்பார்கள் என்பது எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அன்று இதெல்லாம் தெரியாது. திரையில் இருந்த தேதிதான் தெரிந்தது. ஜனவரி ஒன்று என்றால் அரைப்பரீட்சை லீவின் கடைசி நாள், மறுநாள் பள்ளி. அந்த வருடத்து ஜனவரியில் நான் எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவின் வகுப்பாசிரியை. கணினியின் கணக்கில் எனக்கு இன்னும் வேலை இருந்தது.

தேதியைக் கையால் மாற்றத் தொடங்கினேன். நாள்காட்டியின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி, அழுத்தினால் ஒரு மாதம் நகரும்.

"வருஷத்த நேரா மாத்த முடியாதா?" என்றார் அவர்.

"எனக்குத் தெரியலங்க. கொஞ்சம் சும்மா இருங்க."

அழுத்திக்கொண்டே போனேன். பிப்ரவரி, மார்ச், முழுப்பரீட்சை, ஜூனில் பள்ளித் திறப்பு. ஒரு வருடம் போனது, இன்னொன்று போனது. கொரோனா மாதங்கள் ஒன்றுபோல் வந்து ஒன்றுபோல் போயின. பிறகு அந்த ஏப்ரல் வந்தது. தாளாளர் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஃபேனுக்குக் கீழே உட்காரச் சொன்னார்கள். "நெலம உங்களுக்கே தெரியும் டீச்சர். தேவைப்பட்டா கூப்பிடுறோம்," என்றார். நான் "சரிங்க சார்" என்றேன். ஏன் நான் என்று கேட்கவில்லை, எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கவில்லை. டிபன் பையை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து துவைத்த துணியை மடித்து வைத்தேன். அந்த ஏப்ரலையும் அழுத்திக் கடந்தேன். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நினைவு வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் வேகமாகப் போக முடிந்தது.

இன்றைய தேதி வந்தது. அவர் தன் போனைப் பார்த்து நேரம் சொன்னார்.

"பத்து சேக்கணுமா?"

"வேண்டாங்க."

செயலியைத் திறந்தேன். உள்ளே விட்டது.

மஸ்கட்டில் இருந்து ஒரு சிறுமி, நாலாம் வகுப்பு. மேற்பார்வையாளர் முகம் காட்டாமல் பெயர் மட்டும் ஓரத்தில் தெரிந்தது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பின்னங்களை ஆரம்பித்தேன். மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா? நான்கில் ஒன்று என்றாள், மூன்றைவிட நான்கு பெரியதல்லவா? விளக்கினேன். "புரிஞ்சுது மிஸ்," என்றாள். அவசரமாகப் புரிந்த பிள்ளையை எனக்குத் தெரியும். ஒரு பரோட்டாவைப் பலகையில் வரைந்தேன். மூன்று பேருக்குப் பிய்த்தால் உனக்கு எவ்வளவு, நான்காவதாக உன் அண்ணனும் வந்து உட்கார்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். "அண்ணன் வந்தா எனக்குக் கொறஞ்சிரும் மிஸ்!" என்று அவள் குரல் உயர்ந்தது. அதற்குப் பிறகு நான் கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொன்னாள். கணினி ஒரு தடவைகூட நிற்கவில்லை. நின்றிருந்தாலும் நான் கவனித்திருப்பேனா என்பது சந்தேகம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

வகுப்பு முடிந்து சிறுமி போனதும் மேற்பார்வையாளரின் குரல் வந்தது.

"நல்லா எடுத்தீங்க மேடம். ரொம்ப தேங்க்ஸ். தேவைப்பட்டா நாங்களே கூப்பிடுறோம்."

வழக்கம்போல் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது.

"வேண்டாம்னா வேண்டாம்னே சொல்லிடுங்கம்மா. நான் தப்பா நெனைக்க மாட்டேன். தேவைப்பட்டா கூப்பிடுறோம்னு மட்டும் சொல்லாதீங்க. ஸ்கூல்ல அப்படிச் சொன்னாங்கன்னு மூணு வருஷமா போனப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவரிடமும் சொன்னதில்லை.

இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன், இருந்தது.

"எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்லி முடிக்கணும்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்க மேடம்," என்றாள் அந்தப் பெண். பிறகு, "திங்கக்கெழம ஆறு மணி. இதே பொண்ணுதான். வந்துருங்க."

சரி என்றேன். செயலியை மூடினேன். அதற்கப்புறம் அழுதேன், சந்தோஷத்தில்தான். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார்.